ஈஸ்வரி தட்டிய கேள்வி

ஈயம் உருகும் வாசனைக்கு முன்னால் நான் பலவீனன். தேனி பேருந்து நிலையத்தருகே செல்போன் பழுது பார்க்கும் கடையில் போன வாரம் அந்தப் புகையை முகர்ந்தபடி நின்றபோது, உதிரிபாகத்துக்காகக் குவித்திருந்த பெட்டியில் அந்தப் பழைய போனைப் பார்த்தேன். கடைக்காரப் பெண் எடுத்துத் தந்துவிட்டு, "இது என்னண்ணே, கால்குலேட்டரா?" என்றாள். எண்பலகையின் ஓரத்தைப் பிடித்து மேலே புரட்டினேன். "ஆத்தாடி!" என்றாள்.

அந்த ஆத்தாடியைக் கேட்கத்தான் ஒரு காலத்தில் நானும் இதே போன் ஒன்றை வாங்கினேன். மூடியிருந்தால் சட்டைப் பைக்குள் அடங்கும். புரட்டினால் திரை நடுவே நிற்க, ஆங்கில எழுத்துகள் பாதி இடப்பக்கமும் பாதி வலப்பக்கமுமாகப் பிரிந்து, வண்டு சிறகு விரித்ததுபோல் இருக்கும். இரண்டாயிரத்து ஐந்தை ஒட்டிய காலம். ஒரே பட்டனை மூன்று முறை அமுக்கி ஓர் எழுத்தைக் கறக்கவேண்டிய நாட்கள். நான் கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கப் பைக்கில் சுற்றும் மருந்து விற்பனைப் பிரதிநிதி. வளைகுடாவிலிருந்து திரும்பிய குமுளிக்காரர் ஒருவர், "சாதனம் கொள்ளாம் சாரே" என்று நீட்டினார். மலையாளத்தில் புகழ்ந்தால் எனக்கு எதையும் விற்றுவிடலாம். மின்னஞ்சல்கூட அனுப்பலாம் என்றார். எனக்கு மின்னஞ்சல் எழுத உலகத்தில் ஒருவரும் இல்லை என்பது வாங்கிய பிறகுதான் உறைத்தது. டாக்டர்களின் வாசலில் உட்கார்ந்து அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

அதற்கு உருப்படியான ஒரு வேலை வந்தது, என் பெரியம்மா மகன் செல்வத்தால். பத்து வயதில் வந்த காய்ச்சல் அவன் காதுகளை முழுக்கக் கொண்டுபோயிருந்தது. பேச்சு இருந்தது. ஆனால் தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாத கூச்சத்தில் அதையும் பூட்டி வைத்துவிட்டான். தாளும் பேனாவும் எடுத்தால் எதிராளி முகத்தில் இரக்கம் வந்துவிடுகிறது என்று அதையும் வெளியிடங்களில் எடுக்கமாட்டான். சின்னமனூரில் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தரும் டி.டி.பி. கடை வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் பத்திரிகை அடித்தவனுக்கு மூன்று இடத்தில் பெண் பார்த்து, மூன்றும் காபியோடு நின்றன. காரணம் காது மட்டுமில்லை, கூடப் போன நானும்தான். கேள்வி என்னிடம் வரும், பதிலை நானே சொல்வேன். மாப்பிள்ளை போன பிறகு அந்த வீட்டாருக்கு என் ஞாபகம்தான் இருந்திருக்கும். "இதுதான் கடைசி" என்று பெரியம்மாவுக்கு எழுதிக் காட்டிவிட்டுத்தான் சுருளிப்பட்டிக்கு வண்டியேறினான்.

திராட்சைத் தோட்டக்காரர் வீடு. தரகர் "லேசாக் காது மந்தம்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தார். அதனால் பெண்ணின் தாய்மாமன், "வாங்க மாப்ளே!" என்று மலைக்குக் கேட்கும்படி கூப்பிட்டார். செல்வம் திரும்பவில்லை. நான் உண்மையைச் சொன்னேன்.

"அப்ப அவுக பேசவே மாட்டாகளா?" என்றார் பெண்ணின் அம்மா, வழக்கம்போல என்னைப் பார்த்து.

காபி வந்தது. முடிந்தது என்று நினைத்தேன். தட்டோடு நின்ற பெண் ஈஸ்வரி, "நான் அவுககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"எங்கிட்டச் சொல்லு ஆத்தா, நான் கேக்குறேன்" என்றார் தாய்மாமன்.

"நீங்களா கட்டிக்கிறப் போறீக?"

போனை எடுத்துச் சிறகு விரித்து அவளிடம் கொடுத்தேன். பீற்றிக்கொள்ளாமல் அதைத் திறந்தது அந்த ஒரு தடவைதான். பி.காம். படித்தவள். தமிழை ஆங்கில எழுத்தில் நிதானமாகத் தட்டினாள். ஆனால் பெண் எழுதியது நேரே மாப்பிள்ளைக்குப் போய்விட முடியுமா? அம்மா கைக்குப் போய், அப்பா கைக்குப் போய், தாய்மாமனிடம் வந்தது. அவருக்கு ஆங்கில எழுத்து ஆகாது. போன் என்றால் என்ன செய்யவேண்டும் என்பது தெரியும். எழுந்துவந்து, மிகுந்த மரியாதையோடு, அதைச் செல்வத்தின் காதில் வைத்தார்.

"கேக்குதா மாப்ளே?"

செல்வம் மெதுவாக அவர் கையைப் பிடித்துக் கண்ணுக்கு நேரே இறக்கினான். நானும் எட்டிப் பார்த்தேன். 'நான் திட்டினா உங்களுக்கு எப்பிடித் தெரியும்?'

பத்து விரலால் பத்திரிகை அடிப்பவன் இரண்டு கட்டைவிரலால் எழுதினான்: 'மொகத்தப் பாப்பேன்.'

"வாசிங்க தம்பி" என்றார் தாய்மாமன். நான் வாய் திறப்பதற்குள் ஈஸ்வரி போனை வாங்கிக்கொண்டாள். படித்தாள். அடுத்ததை எழுதி, யார் கைக்கும் தராமல், நேரே அவனிடம் நீட்டினாள். அவன் சிரித்தான், சத்தமாக. எத்தனையோ வருஷமாக அந்தக் குரலைக் கேட்டிராத பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்புறம் அரைமணி நேரம் அந்தக் கூடத்தில் பட்டன் சத்தம் மட்டும்தான். எங்கள் வட்டாரத்து ஆட்கள் இருபது பேர் அவ்வளவு நேரம் வாய்மூடி இருந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தீப்பெட்டியளவு திரை. அதற்குள் இரண்டு பேர் குடியேறிக்கொண்டிருந்தார்கள். எந்தச் சாதனத்தை இத்தனை நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

போனை மூடிவிட்டு ஈஸ்வரி அவள் அப்பாவிடம் சொன்னாள்: "பூ வைக்கச் சொல்லுங்கப்பா."

போனை அவர்களுக்கே கொடுத்துவிட்டேன். இரண்டே வருஷத்தில் பட்டன் தேய்ந்து செத்துப்போனது. அன்றைக்கு என்னதான் பேசினீர்கள் என்று ஈஸ்வரியிடம் ஒருமுறை கேட்டேன்.

"ஒண்ண எழுதிக் காட்டி, அத அழிச்சிட்டுத்தான மாமா அடுத்தத எழுதுனோம்" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

இப்போது என் போனில் யார் யாரோ அனுப்பிய காலை வணக்கங்கள்கூட அழியாமல் கிடக்கின்றன. இருபது பேர் மூச்சடக்கிப் பார்த்திருந்த அந்தப் பேச்சில் எனக்கு மிஞ்சியது முதல் இரண்டு வரி. அதுவும் எட்டிப் பார்த்தது.