பேஸ் டிரம் அடிப்பவளின் அம்மா

பள்ளி பேண்டில் டிரம் அடிப்பது பிள்ளையின் வேலை; பயப்படுவது பெற்றவளின் வேலை, அதற்கு லீவு கிடையாது. மைதான ஓரத்தில் நின்ற தாய்மார்களே, வீடு அடங்கிய நேரத்தில் உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

தலையணை

விளையாட்டு விழா அணிவகுப்பில் பேஸ் டிரம் என்கிற பெரிய டிரம்மை அடிக்க, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் பெனிட்டாவைத் தேர்ந்தெடுத்தார்கள். டிரம்மைக் கட்டினால் மேலே முகமும் கீழே ஷூவும்தான் தெரியும். அந்த 'டம்' விழும்போதுதான் பள்ளி முழுக்க இடது காலை வைக்கும். அது தப்பினால் எல்லார் காலும் தப்பும் என்று கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் தலையணையை மடியில் நிறுத்தி அடித்துப் பழகினாள். எதிரே உட்கார்ந்து நான் கை தட்டிக் கொடுப்பேன். கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிப்ட் முடித்து வந்த என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, அடிக்கது அவளா, நீயா?"

கீழ்வீட்டு அண்ணாச்சி

தலையணை பிய்ந்த பிறகு பிளாஸ்டிக் வாளி. மூன்றாம் நாள் கீழ்வீட்டு அண்ணாச்சி மாடியேறி வந்தார். அவர் வாய் திறக்குமுன்னே நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

"சத்தம் கெடக்கட்டும்மா. பிள்ளையோட அடி ஆரம்பிக்கும்போது நடக்கு, முடிக்கும்போது ஓடுது. பைய அடிக்கச் சொல்லுங்க, எனக்கே நெஞ்சு படபடங்கு."

வேப்பமரம்

அவர் சொன்னதுதான் முதல் ஒத்திகையிலும் நடந்தது. இன்னொரு தடவை வேகம் கூடினால் டிரம் வேறு பிள்ளைக்கு என்று பேண்டு மாஸ்டர் சொல்லிவிட்டார். அன்று பெனிட்டா சாப்பிடவில்லை. பேண்டுக்குத் தந்த வெள்ளைக் கையுறையைப் போட்டபடியே தூங்கிப்போனாள்.

மறுநாள் நான் மைதானத்து வேப்பமரத்தடியில் நின்று, அவள் கண்ணில் படும்படி கை தட்டினேன். அணிவகுப்பு பாதி மைதானம் தாண்டும்போது எனக்குப் பயம் வந்தது. வரிசை வேகமெடுத்தது. கடைசியில் வந்த குட்டிப் பிள்ளைகள் ஷூ கழலக் கழல ஓடின. மாஸ்டர் விசிலைத் துப்பிவிட்டு நேரே மரத்தடிக்கு வந்தார்.

"ஏம்மா, பிள்ளை சரியாத்தான் அடிக்கா. உங்க கையைப் பாத்துல்லா அடிக்கா! உங்க பயத்துக்குப் பள்ளிக்கூடமே ஓடுது."

வாட்ச்மேன் அறை

விழாவன்று வாட்ச்மேன் அறையில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தேன். மைதானம் தெரியாது, சத்தம் மட்டும். டம். டம். ஒவ்வொன்றும் இனி வராது என்று நினைத்த பிறகுதான் வந்தது. திடீரென்று ஒன்றுமே கேட்கவில்லை. எழுந்துவிட்டேன். "உக்காருங்கம்மா, மூலையில திரும்புதாவ, அப்போ டிரம்ம நிறுத்துவாவ" என்றார் வாட்ச்மேன். திரும்பக் கேட்டது, அதே நடையில்.

முடிந்ததும் வேர்த்து வடிய ஓடி வந்தாள் பெனிட்டா.

"எங்கம்மா போன? மரத்தடியில தேடினேன், உன்னயக் காணல. அதான் நானே அடிச்சிட்டேன்."

இத்தனை நாள் ஒத்திகையில் நான் பழகியது கையை அடக்கி உட்காருவது ஒன்றுதான், அதுவும் அரைகுறை. இதை எழுதும்போதுகூட இடது கால் தட்டிக்கொண்டே இருக்கிறது.