மைனஸ் அண்ணனின் மூக்குக் கண்ணாடி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவருக்கு மைனஸ் அண்ணன் என்று பெயர். பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குளிரோடு காலமெல்லாம் குப்பை கொட்டியவர் என்பது ஒரு காரணம். அடுத்தவருக்கு நல்லது நடந்த சேதி கேட்டால் அவர் முகம் சட்டென்று இரண்டு டிகிரி இறங்கும் என்பது இன்னொன்று. அதை அவர் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள்.

குவாண்டம் கணினியின் சில்லு வேலை செய்ய விண்வெளியைவிட அதிகக் குளிர் வேண்டும். துளி சூடு பட்டாலும் கணக்கு குழம்பிவிடும். அந்தக் குளிரை உண்டாக்கும் மெஷின் ஒரு சட்டத்திலிருந்து தலைகீழாகத் தொங்கும். தங்க முலாம் பூசிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், கீழே போகப்போகக் குளிர் கூடும். இரண்டு வகை ஹீலியத்தைக் கலந்து சுற்றவிட்டு அடித்தட்டைக் குளிர வைப்பார்கள். அண்ணனிடம் இருந்த பழைய மெஷின் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். வீட்டில் அப்படிக் கேட்க யாரும் கிடையாது.

மைத்துனன் வரும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. வேலையில்லாமல் சுற்றியவனை, மனைவியின் நச்சரிப்புத் தாங்காமல் இவரே சிபாரிசு செய்து சேர்த்துவிட்டார். அவனுக்கு வாய் நிறையச் சிரிப்பு. காவலாளியிலிருந்து கணக்குப் பிரிவு வரைக்கும் எல்லோரும் அவனுக்குச் சொந்தம்போல ஆகிவிட்டார்கள். புதிதாகப் பெரிய மெஷின் ஒன்று வந்து இறங்கியது. அது தனக்குத்தான் என்று அண்ணன் சட்டையைக்கூட இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். தலைமை விஞ்ஞானி அதை மைத்துனனிடம் ஒப்படைத்தார்.

"அண்ணனுக்குப் பழகின மெஷினே வசதி, இல்லையாண்ணா?" என்றார் அந்த அம்மா.

"ஆமா மேடம்" என்றார் இவர்.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே பாட்டு.

"தம்பிக்குப் பெரிய மெஷினாமே. கைராசிக்காரன்" என்றாள் மனைவி, பரிமாறிக்கொண்டே.

"அவனுக்கு ஸ்பானர் பிடிக்கக் கத்துக்கொடுத்ததே நான்தான்."

"அதத்தான் நானும் சொல்றேன். உங்ககிட்ட கத்துக்கிட்டு உங்களையே தாண்டிட்டான் பாருங்க."

பெருமையாகத்தான் சொன்னாள். பாதிச் சாப்பாட்டிலேயே அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

பெரிய மெஷினின் முதல் ஓட்டம் வந்தது. தட்டுகளைச் சுற்றி உலோக டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி மூட வேண்டும். டப்பா தனக்குள் இருக்கும் குளிர்ந்த பாகம் எதையும் தொடக்கூடாது. ஒரு கேபிள் சாய்ந்து தொட்டால் போதும், அந்த வழியாகச் சூடு உள்ளே இறங்கிவிடும். அதனால் மூடும்போது எதிரெதிரே இரண்டு பேர் நிற்பார்கள், ஆளுக்குப் பாதி. தன் பக்கம் ஏதாவது இடித்தால் 'நில்லு' என்று சொல்ல வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் மூடலாம். இந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்ததே அண்ணன்தான்.

"ஏத்தறேன் மாமா" என்று எதிரே நின்ற அண்ணனிடம் சொல்லிவிட்டு மைத்துனன் டப்பாவைத் தூக்கினான்.

அண்ணனின் பக்கம் ஒரு கேபிள் வளைந்து துருத்திக்கொண்டிருந்தது. டப்பா ஏறினால் அதன் உட்சுவரில் சாயும். அவர் அதைப் பார்த்தார், நன்றாகவே பார்த்தார். 'நில்லு' நாக்கு நுனிவரை வந்தது. கைராசிக்காரனாம், என்று நினைத்துக்கொண்டார். டப்பா ஏறியது, திருகுகள் இறுகின.

குளிர்வதற்கு நாள்கணக்கில் ஆகும். திரையில் எண் இறங்கி இறங்கி, வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே முரண்டு பிடித்து நின்றுவிட்டது. சில்லு மூச்சுக் காட்டவில்லை. மைத்துனன் பம்ப்பைப் பார்த்தான், குழாயைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான். அண்ணனுக்கு அன்று சர்க்கரை போடாத டீகூடத் தித்தித்தது.

மெஷினை மறுபடி சூடாக்கித் திறந்தார்கள். கேபிள் உரசிய தடம் டப்பாவில் பளிச்சென்று தெரிந்தது. மைத்துனன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தான்.

"இந்தப் பக்கம் யார் நின்னது?" என்று மேடம் கேட்டார்.

"நான்தான் மேடம். கவனிக்காம விட்டுட்டேன்" என்றான் மைத்துனன்.

அன்றே பெரிய மெஷின் அண்ணன் கைக்கு வந்தது. கை கழுவும் இடத்தில் அவன் அவரைத் தனியாகப் பிடித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. கண்ண ஒருதடவ டாக்டர்கிட்ட காட்டிடுங்க. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான். அக்காகிட்ட நான் மூச்சு விடமாட்டேன்."

அவன் திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டித் தீர்த்திருப்பார். அவனுக்குச் சந்தேகம்கூட வரவில்லை. இப்படி ஒரு மனசு தனக்கு வாய்க்கவில்லையே என்று அந்த நேரத்திலும் அவனைப் பார்த்துப் பொறாமைதான் பட்டார்.

கண் டாக்டர் பலகையின் கடைசி வரிவரை படிக்கச் சொன்னார். தடங்கலில்லாமல் படித்தார்.

"உங்களுக்கு எதுக்குங்க கண்ணாடி?"

"பவர் இல்லாம ஒண்ணு கொடுங்க" என்றார் அண்ணன்.

பெரிய மெஷினை அடுத்த முறை மூடியபோது அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பக்கம் நின்றார். எதிரே மைத்துனன்.

"இப்ப நல்லாத் தெரியுதா மாமா?"

"தெரியுது."

அவன் சிரித்தான். தன் பாதியைப் பார்த்து முடித்தான். பிறகு ஏதோ கருவியை எடுக்க வருபவன்போலச் சுற்றி வந்து, அவருடைய பாதியையும் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டுப் போனான்.