தண்ணீர் புகாத சட்டையின் கழுத்து

என் மகளுக்கு நனையாமல் முங்குவதற்கு ஒரு சட்டை வாங்கினோம் என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நனையாமல் எப்படி ஐயா முங்குவது என்கிறார்கள். நானும் முதலில் அதைத்தான் கேட்டேன். பாதி ஆயுசைப் பட்டாளத்தில் கழித்தவன் நான். பனியில் நின்றிருக்கிறேன், மழையில் படுத்திருக்கிறேன். நனைந்தால் காயப்போடு, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம்.

எங்களுக்கு ஒரே பிள்ளை. தூத்துக்குடியில் கடல் உயிர்களைப் பற்றிப் படித்தாள். அந்தமானுக்குப் போய், முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்குகிற ஸ்கூபா கற்றுக்கொண்டு வந்தாள். அதோடு நின்றிருக்கலாம். நார்வேயில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அங்கே கடல் தண்ணீரில் கை வைத்தால் மரத்துப்போகுமாம். அதற்குள் இறங்கிப் பார்த்து எழுதுவதுதான் படிப்பாம். ராஜபாளையத்து வெயிலில் பிறந்த பிள்ளைக்கு இது தேவையா என்று கத்தினேன். கத்தி என்ன செய்ய, அவள் என் மகள்தானே, என்னைவிடச் சத்தமாகக் கத்தினாள்.

அந்தக் குளிரில் இறங்க டிரை சூட் என்று ஒன்று வேண்டும். கால் பாதத்திலிருந்து கழுத்து வரை ஒரே உடுப்பு. உள்ளே கம்பளித் துணி போட்டுக்கொள்ளலாம். கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர்ப் பட்டை இறுகப் பிடிக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. முதல் நாள் வகுப்பிலேயே அது கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீருக்குள் விடமாட்டார்கள். அங்கே போய் ரெடிமேடாக வாங்கலாம் என்றால், இவள் குள்ளம். அந்த ஊர் அளவெல்லாம் இவளுக்கு ஜிப்பா மாதிரி தொங்கும். அதனால் அளவு கொடுத்துச் செய்ய வேண்டியதாயிற்று.

சென்னையில் முங்குகிற சாமான் விற்கும் ஒரு கடைக்காரர் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து நான், மனைவி, மகள் மூன்று பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தோம். முதுகில் ஜிப் வேண்டுமா முன்னால் வேண்டுமா என்று கேட்டார். முதுகில் வைத்தால் விலை குறைவாம். "முதுகுல வச்சா யாருப்பா பூட்டி விடுவா? அங்க இவளுக்கு யாரு இருக்கா?" என்று கேட்டேன். "கூட முங்குறவங்க பூட்டிடுவாங்க சார்," என்றார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் பிள்ளை ஒரு ஜிப்புக்காக யாரிடமும் முதுகைக் காட்டி நிற்க வேண்டாம், முன்னாலேயே வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கொள்முதல் முழுவதிலும் நான் சொல்லி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

பிறகு மகளும் கடைக்காரரும் பேசிக்கொண்டது எனக்கு எட்டவில்லை. துணி மாதிரி இருப்பதா, தடித்த பஞ்சு ரப்பரா. கழுத்துக்கு லேடெக்ஸா, சிலிக்கானா. பிள்ளையின் உயிரைக் காக்கப்போகிற சாமான், அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மட்டும் ஆட்டுகிறேன். என் மனைவிதான் கெட்டிக்காரி. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கறுப்பு வேண்டாம் தம்பி. தண்ணிக்குள்ள தெரியாது. செவப்பு இருக்கா?"

சிவப்பு இருந்தது.

கூரியர்க்காரன் எங்கள் பார்சலை ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டான். நான் போய்ச் சண்டை போட்டு வாங்கிவந்தேன். பைக்கின் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு வரும்போது, ஒரு பிள்ளையை முன்னால் உட்காரவைத்து ஓட்டுகிற மாதிரிதான் மெதுவாக வந்தேன். அன்றைக்கு என் முட்டி வலிகூடத் தெரியவில்லை.

வீட்டில் போட்டுப் பார்த்தாள். கால் போயிற்று, கை போயிற்று. தலையைக் கழுத்துப் பட்டைக்குள் நுழைத்தாள் பாருங்கள், ஐயோ, ரப்பர் அவள் முகத்தை அமுக்கி, மூக்கை இழுத்து, ஒருவழியாகத் தலை வெளியே வந்தபோது முகம் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. கழற்றியதும் கழுத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கோடு.

"அடியாத்தீ! கழுத்த நெரிக்குதுங்க! இதப் போட்டுக்கிட்டா இவ தண்ணிக்குள்ள போகணும்?" என்று என் மனைவி அலறினாள்.

"அம்மா, புதுசுல அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் பவுடர் போட்டுக்கிட்டா ஈசியா நுழையும். போடப் போடச் சரியாயிரும்."

அதோடு விசா வேலை என்று மகள் சென்னைக்குப் புறப்பட்டுவிட்டாள். சட்டையை உள் அறையில் ஹேங்கரில் தொங்கவிட்டிருந்தாள். சிவப்பாக, ஆள் இல்லாமல், காலும் கையுமாக அது தொங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் அந்த அறைப் பக்கமே போகவில்லை.

திரும்பி வந்ததும் தண்ணீரில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றாள். தேவதானத்தில் எங்கள் தென்னந்தோப்பில் பம்புசெட் தொட்டி இருக்கிறது, கழுத்தளவு தண்ணீர் நிற்கும். போனோம். சட்டையை மாட்டினாள். இந்தத் தடவை தலை வழுக்கிக்கொண்டு போயிற்று. போன வேகத்தில் சர்ரென்று ஒரு சத்தம். பட்டை ஓரத்திலிருந்து கிழிந்து தொங்கியது.

அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா இதுல எண்ணெய் தடவுனது?"

என் மனைவிக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நாந்தான். கழுத்து செவந்து கெடந்துச்சேன்னு... தெனமும் காலையில செத்த நேரம் தேச்சு விட்டேன். புதுச் செருப்பு கடிச்சா தேங்கா எண்ணெ தேச்சுத்தான பதப்படுத்துவோம்?"

நியாயமான கேள்வி. புதுச் செருப்புக்கு, இறங்காத வளையலுக்கு, கிரீச்சிடும் கதவுக்கு, என் முட்டிக்கு என்று எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே மருந்துதான். இதே தோப்பில் விழுந்த தேங்காயை உலர்த்தி ஆட்டிய எண்ணெய். என்னிடம் கேட்டிருந்தால் நானே கிண்ணத்தை எடுத்துக் கொடுத்திருப்பேன். எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் ஊறி, இளகி, நைந்துபோகும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

மகள் திட்டியிருந்தால் தேவலை. போய்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்புச் சட்டையில், கழுத்தில் கிழிசல் தொங்க, கால்களை ஆட்டிக்கொண்டு. அவள் அம்மா தென்னை மரத்தில் சாய்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு இரண்டு பேரில் யாரிடம் போவதென்று தெரியவில்லை. நடுவிலேயே நின்றேன்.

சென்னைக் கடைக்காரரிடம் மாற்றுப் பட்டை இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், அதற்குள் இவள் விமானம் ஏறிவிடுவாள். அங்கே போய் ஒட்டிக்கொள்ளலாம், ஆனால் வகுப்பு தொடங்குவதற்குள் ஆகுமா என்பது தெரியாது என்றார். என்னுடன் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். எவனும் தண்ணீர்ப் பக்கம் போனவன் இல்லை. கடைசியில் சட்டையைத் தூக்கிக்கொண்டு தென்காசி ரோட்டில் பஞ்சர் கடைக்குப் போனேன். ரப்பர்தானே, ஒட்டு போட மாட்டானா என்று ஒரு நப்பாசை.

கடைக்காரர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு அண்ணாச்சி?"

சொன்னேன். சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"நம்மால ஆகாது அண்ணாச்சி. வண்டி டியூப்புன்னா வழியில காத்து எறங்குனாத் தள்ளிக்கிட்டு வந்துருவீக. பிள்ள கழுத்துக்குப் போடுறது. நான் தொடமாட்டேன்."

திரும்பி வரும் வழியில் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஆமாம், சந்தோஷம்தான். சட்டை இல்லையென்றால் தண்ணீர் இல்லை, தண்ணீர் இல்லையென்றால் அந்த ஊர் எதற்கு? பிள்ளை வீட்டிலேயே இருப்பாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மகள் தரையில் உட்கார்ந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். கம்பளி உடுப்பை மடித்து மடித்து வைக்கிறாள், கண்ணிலிருந்து தண்ணீர் அதன் மேலேயே விழுகிறது. துடைக்கக்கூட இல்லை. என் சந்தோஷம் வாசலோடு சரி.

கழுத்தில்லாத அந்தச் சட்டையோடு போனாள். ரயில் ஏறும்போது அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "விடும்மா, அங்க ஒட்டிக்கிடுதேன்," என்றாள். முடியுமா என்று அவளுக்கும் தெரியாது. என் மனைவி அன்றைக்கு அவள் தலையில்கூட எண்ணெய் வைத்துவிடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம் எங்களுக்கு வேலை போனைப் பார்ப்பதுதான். பட்டை கிடைத்ததா என்று கேட்கவும் பயம், கேட்காமலிருக்கவும் முடியவில்லை. வகுப்பு தொடங்கிவிட்டது, தான் கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் முங்குவதைப் பார்ப்பதாகச் சொன்னாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் சாம்பல் நிறக் கடல், அதற்கும் பின்னால் வெள்ளை மலை. சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். கழுத்தில் புதுப் பட்டை.

"ஒட்டியாச்சு! இன்னைக்கு எறங்குதேன்!"

அவள் சிரித்தாள். என் மனைவி சிரிப்பைப் பார்க்கவில்லை. போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி, கழுத்து செவந்து கெடக்கே. என்ன தடவுவ?"

"ஒண்ணும் தடவக் கூடாதும்மா. இம்புட்டு இறுக்கமா இருந்தாத்தான் நான் உசுரோட மேல வருவேன்."

அம்மா முந்தானையால் போன் கண்ணாடியைத் துடைத்தாள். 

"சரி, கூப்பிடுதாக. முடிச்சிட்டு வந்து பேசுதேன்," என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள்.

போனைப் பாயில் எங்களுக்கு நடுவில் வைத்தோம். இந்நேரம் இறங்கியிருப்பாள். இந்நேரம் தலைக்கு மேலே தண்ணீர். நான் என் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டேன். என் மனைவி எழுந்து போய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். என் காலை இழுத்து மடியில் வைத்து முட்டியைத் தேய்க்கத் தொடங்கினாள். கண் போன் மேலேயே இருந்தது.

அன்றைக்கு எனக்கு முட்டி வலிக்கவில்லை. நான் அதைச் சொல்லவில்லை.