சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லும் காஞ்சனா

வயலின் வில்லை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போன ஆளின் புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழுகிறது. "செய்யி தீயண்டி! கைய எடு சார். அது குதிரை முடி. உன் மூஞ்சி எண்ணெ பட்டா அது பாடுமா?" அடி வாங்கினவர் சித்தூரிலிருந்து வந்த பேங்க் மேனேஜர். அவர் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். காஞ்சனா சிரிக்கவில்லை. அடுத்த வில்லை எடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் முதுகு கோணாமல் ஓடுகிறதா என்று பார்க்கிறாள்.

திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில், ஒரு லாட்ஜுக்கும் மொட்டை போட்டவர்களுக்குத் தொப்பி விற்கிற கடைக்கும் நடுவில், பத்தடி அகலத்தில் இருக்கிறது அவள் கடை. வயலின், வீணை, தம்புரா என்று போர்டு சொல்லும். விற்பது வயலினும் வில்லும்தான். எதிலும் விலைச் சீட்டு ஒட்டமாட்டாள். வாங்க வந்தவரைச் சுவரைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுவாள். பின்னாலிருந்து ஒவ்வொரு வில்லாக நீட்டுவாள். எந்த வில் வாங்கலாம் என்று காது சொல்ல வேண்டும், கண் சொல்லக் கூடாது. "பிடிலுக்கு அள்ளிக் குடுப்பானுங்க. வில்லுன்னா, ஏதோ ஒண்ணு போடும்மான்னுவானுங்க. வண்டி வாங்கிக்கினு சக்கரத்த எவனாவது ஓசில கேப்பானா?" இதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது கத்துவாள்.

காஞ்சனா எனக்குத் தங்கை முறை. என் சின்ன மாமியாருக்குத் தம்பி முனிரத்தினம், நகரிக்காரர். அவருடைய இரண்டாம் தாரத்து மூத்த மகள் இவள். வயது ஐம்பத்திரண்டு. தலையில் ஒரு நரை கிடையாது, மூக்கின் மேல் எப்போதும் கோபம். பிச்சாட்டூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தால் அவள் கடை பெஞ்சில் போய் உட்காருவேன். எனக்கும் வசவு உண்டு. "இன்னாக்கா, வெத்தல வாயோட உள்ள வர்றே? துப்பிட்டு வா."

போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரை மணி இருக்கும், நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பிச்சாட்டூர்ப் பக்கத்து மாந்தோப்புக்காரர் கோவர்த்தனன் வயலின் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். பின்னால் அவர் மகள் ஹரிப்ரியா. அழுது முகம் வீங்கியிருந்தது. அன்று மதியம் இரண்டு மணிக்கு அவள் இசைக் கல்லூரியில் வாசித்துக் காட்ட வேண்டும். வாசித்தால்தான் இடம். இல்லையென்றால் அடுத்த தை மாதம் கல்யாணம் என்று அவள் அம்மா வீட்டில் சொல்லி வைத்திருந்தார்.

"இருக்கறதுலயே ஒசந்த பிடிலு ஒண்ணு குடும்மா," என்றார் கோவர்த்தனன். "இது நேத்து சாயங்காலத்துலருந்து சத்தமே வர மாட்டேங்குது. மாஸ்டருக்கு போன்ல வீடியோ அனுப்பினோம். பொண்ணுக்கு கை போயிடுச்சி, இந்த வருசம் வாணாம்னுட்டாரு. அப்பறம் அவரே, பெரிய பிடில் வாங்கினா ஒருவேள தேறும், எனக்குத் தெரிஞ்ச கடைக்குப் போன்னாரு. உன் கடை முன்னாடி தெரிஞ்சுது, பூந்துட்டோம்."

காஞ்சனா பெட்டியைத் திறந்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது முகம் சிவந்து கிடந்தது.

"நல்லெண்ண வாசன அடிக்குது. யாரு பண்ண வேல இது?"

கோவர்த்தனன் மார்பில் கை வைத்தார். "நான்தாம்மா. நல்ல காரியத்துக்குப் போவுதேன்னு கோயில்ல கொண்டுபோய் வெச்சேன். சாமிக்குக் காப்பு சாத்தின எண்ணெய குடுத்தாங்க. அத்த எடுத்துக்கினு வந்து ஒரு எடம் பாக்கியில்லாம பூசி, சந்தனம் வெச்சி..."

"முடியிலயுமா?"

"முடியிலதாம்மா நல்லா பூசினேன். காஞ்சிப்போயி கெடந்துதே."

நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். காஞ்சனா கையிலிருந்த துணியைத் தரையில் அடித்தாள்.

"ஏன்ய்யா, இது இன்னா உன் பொண்ணு தலையா, எண்ணெ வெச்சி சீவறதுக்கு? அந்த முடி சொரசொரன்னு இருந்தாதான் தந்தியப் புடிச்சி இழுக்கும். எண்ணெ போட்டா வழுக்கிக்கினு போவும். சத்தம் எங்கருந்து வரும்?"

"மருந்தடிக்கற மிஷினுக்கே எண்ணெ போட்டாதானம்மா ஓடுது," என்றார் அவர், பாவமாக.

"நீ பேசாத." ஹரிப்ரியாவிடம் திரும்பினாள். "நீ? உனக்குத் தெரியாது?"

"நைனா ஆசையா போட்டாரு ஆன்ட்டி. துணிய எடுத்து தொடச்சேன். சரியாப் போயிடும்னு நெனச்சேன். மாஸ்டர் கை போச்சுன்னதும்... நெசமாவே போயிடுச்சின்னு..." அந்தப் பெண் தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவை வேறு யாருடையவோ போல.

அப்போது கோவர்த்தனன் கையிலிருந்த போன் அடித்தது. மாஸ்டர் கமலக்கண்ணன். காஞ்சனா கேட்காமலே போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்க கீறீங்க? கடையில ஆளு காத்துக்கினு கீறான்பா."

"இத்தன வருசமா பாடம் சொன்னியே, வில்லு முடிய கையால தொடக் கூடாது, ஒண்ணும் பூசக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

"யாரும்மா பேசறது?"

"எண்ணெயில ஊறின முடி பேசுது."

"இந்தாம்மா, மரியாதயா பேசு. வீடியோ பாத்துட்டுதான் சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு கை வராது."

அந்த வார்த்தை எங்கள் குடும்பத்துக்குப் பழசு. காஞ்சனாவுக்குப் பதினாறு வயதில் இதே வார்த்தையைச் சொன்னவர் அவளுடைய சொந்த அத்தை மகன், அதாவது என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். அவர்தான் அவளுக்கு வயலின் சொல்லிக்கொடுத்தார். ஒரு சீமந்த வீட்டில், பந்தியில், அத்தனை பேர் எதிரில், "இவளுக்குக் கை வராது, நிறுத்திடுங்க" என்றார். மோகன வர்ணத்தோடு நிறுத்திவிட்டார்கள். நானும் அந்தப் பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. பிறகு அவள் சென்னையில் ஒரு வாத்தியக் கடையில் பாலிஷ் போடும் வேலைக்குப் போனாள். அங்கே தன் பழைய வில்லை மேஜையில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்ததாம், அது அரிவாள் போல ஒரு பக்கம் வளைந்திருக்கிறது என்று. அந்த வில்லை யார் வாங்கிக் கொடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் இப்போதும் இருக்கிறார், விசேஷங்களில் முதல் பந்தியில் உட்காருகிறார்.

காஞ்சனா போனை அணைத்துக் கோவர்த்தனன் சட்டைப் பையில் திணித்தாள். "புதுப் பிடிலு வாணாம். உன் பிடில்ல ஒரு கொறயும் இல்ல. வில்லு மட்டும் வாங்கு."

"மாஸ்டர் சொன்னாரே..."

"மாஸ்டரு சொன்னா சொல்லட்டும். அந்த மூலையில போய் நில்லு. எதையும் தொட்டன்னா கைய ஒடிப்பேன்."

அதற்கப்புறம் முக்கால் மணி நேரம் அவள் யாரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. வயலின் உடம்பின் மேல் துணி விரித்துக்கொண்டு, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தந்தி ஒவ்வொன்றையும் துடைத்தாள். ஸ்பிரிட் ஒரு சொட்டு சிந்தினாலும் பாலிஷ் போய்விடும். புதுத் தந்தி ஏன் போடவில்லை என்று கேட்டேன். "புதுசு நீண்டுக்கினே இருக்கும்க்கா. ரெண்டு மணிக்கு வாசிக்கும்போது நடுவுல சுருதி எறங்கிடும். வாத்தியம் காலை வாரிடிச்சின்னு எவனும் சொல்லமாட்டான், பொண்ணுக்கு வரலன்னுதான் சொல்லுவான்." துடைத்துக்கொண்டே திட்டினாள். மாஸ்டரை, கோயிலில் எண்ணெய் கொடுத்தவரை, செக்கில் ஆட்டினவனை, எள்ளை விதைத்தவனைக் கூட விடவில்லை.

பிறகு ஹரிப்ரியாவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். வயலினின் தலை அந்தப் பெண்ணின் பாதத்தில் ஊன்றி நின்றது. பின்னாலிருந்து முதல் வில் போயிற்று. சத்தம் கீச்சென்று வந்தது. "அது வில்லு தப்பு. இத்தப் புடி." இரண்டாவது வில் போயிற்று. ஒரே இழுப்பு. அடிவயிற்றிலிருந்து எழுந்து வருவது போல ஒரு ஸ்வரம் அந்தப் பத்தடிக் கடையை நிறைத்தது. தொப்பிக் கடைக்காரர் சலீம் எட்டிப் பார்த்தார். அந்தப் பெண்ணின் முதுகு நிமிர்ந்தது. மூன்றாவது போயிற்று. வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்தும், மூன்று தடவையும் இரண்டாவதாகக் கொடுத்த அதே வில்லில்தான் அவள் நின்றாள்.

"இதுதான் ஆன்ட்டி."

கோவர்த்தனன் மூலையிலிருந்து மெல்ல வந்தார். "வெள்ளி கட்டினது ஒண்ணு மேல மாட்டிக்கீதே, அது இன்னும் ஒசத்தி இல்ல? அத்தையே குடு, பரவால்ல."

"வாசல்ல தோரணம் கட்டப் போறியா? உன் பொண்ணு காது சொல்லிடுச்சி. அதுக்கு மேல நீயும் நானும் யாரு?"

வில்லைப் பெட்டியில் வைத்து ஹரிப்ரியாவின் கையிலேயே கொடுத்தாள். "நைனா கையில குடுக்காத. ஆட்டோவுல மடியில வெச்சிக்கோ. எவன் இன்னா சொன்னாலும் கண்ண மூடிக்கினு வாசி. போ." நல்லா வாசி என்று சொல்லவில்லை. அவள் யாருக்கும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் பிச்சாட்டூர் பஸ்ஸை விட்டுவிட்டேன். போக மனசு வரவில்லை. மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவள் பிரிக்கவே இல்லை. இரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஸ்ரீசிட்டி கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிற பிள்ளை ஒருத்தன் வந்து, ஒரு வயலினை எடுத்து வரட்டு வரட்டென்று இழுத்துக்கொண்டிருந்தான். பிடிக்கும் முறை தெரியவில்லை, வில்லின் முடியில் கட்டைவிரல் அழுந்திக் கிடந்தது. அடி விழும் என்று நான் பார்த்தேன், விழவில்லை. கடிகாரம் இரண்டைத் தொட்டதும் காஞ்சனா எழுந்து அவனிடமிருந்து வயலினை வாங்கித் தந்திகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். கடையில் சத்தம் நின்றது.

"எவ்ளோ மேடம் இது?" என்று கேட்டான் அவன்.

அவள் கண் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய இடது கையின் நான்கு விரல்கள் மட்டும், கல்லா மேஜையின் விளிம்பில், அந்த மோகன வர்ணத்தை ஆரம்பத்திலிருந்து ஓர் இடம் விடாமல் அழுத்தி அழுத்தி வாசித்துக்கொண்டிருந்தன.