அண்ணன் போட்ட கண்டிசன்

அண்ணே. உன் பேரை எழுதத்தான் உக்காந்தேன். கை போவல. வீட்டுல கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுதேன்.

நீ வள்ளத்துல மீன் பிடிக்கப் போயிட்டு வந்து குளிச்சிட்டு, புதுக்கடையில பிரௌசிங் சென்டருக்குப் போவ. அங்க இருந்து பிளாக் எழுதுவ. காத்து எப்படி, என்ன மீனு கரைக்கு வந்துச்சு, கோயில் திருவிழாவுல யாரு யாருகூட சண்டை போட்டான்னு. கல்ஃப்ல கெடக்க நம்ம ஊருக்காரங்கதான் படிப்பாங்க. நான் எட்டோட நின்னுட்டு அண்டியாபீசுல முந்திரி உடைக்கப் போனவ. எனக்கு என்ன தெரியும்?

"நீ எழுதினியான்னு அவங்க தெனம் வந்து பாப்பாங்களாண்ணே?"ன்னு கேட்டேன்.

"ஏட்டி, மீனு வந்துச்சான்னு பாக்க ஆளுங்க தெனம் கடப்புறத்துக்கா வாறாங்க? நம்ம அம்மா மீன் கடவத்தைத் தூக்கிட்டு வாசல் வாசலா போறால்லா. பிளாக்குல ஃபீடுன்னு ஒண்ணு உண்டு, அதும் அப்படித்தான். நான் எழுதினா அவங்க வாசலுக்குப் போயிரும்."

"அப்போ அதுக்கும் முட்டு வலிக்குமே."

"வலிச்சா நீ தைலம் போட்டு விடு."

பிளாக் பக்கத்துக்கு அடியில நாலு வரி கண்டிசன் போட்டிருந்த. யாரும் எடுத்துப் போடலாம். பைசா வேண்டாம். மாத்தக்கூடாது. எழுதினவன் பேரை விடக்கூடாது. நான் சிரிச்சேன். பெரிய ஆளுன்னு நெனப்புன்னு சொன்னேன்.

கடல்ல உனக்கு ஒண்ணும் ஆவல. கோட்டாறு ரோட்டுல பைக்குல போயி செத்த.

முப்பதாம் நாள் பூசை முடிஞ்ச பிறகு சென்டர்க்காரரு என்னைக் கூப்பிட்டு ஒரு சைட்டைக் காட்டினாரு. கடப்புறத்துச் செய்தி போடுற சைட். உன் எழுத்து அப்படியே கெடக்கு. உன் பேரு இல்ல. அடியில அட்மின்னு இருக்கு.

சைட்டை நடத்துறவரு நாகர்கோவில்ல இருக்காரு. போன் பண்ணினேன். சண்டை போடத் தெம்பில்ல.

"எங்க அண்ணன் எழுதினது. பேரைக் காணல."

"அது ஃபீடுல இருந்து தானா வந்து விழுறதும்மா. ஒண்ணொண்ணா நான் பாக்கேனா?"

"கண்டிசன் போட்டிருக்கான்லா."

"எனக்கு வந்ததுல அப்படி ஒண்ணும் இல்லியே."

சென்டர்க்காரரு ஃபீடைத் தொறந்து பாத்தாரு. "அவரு சொல்றது நெசம்தான் மக்கா. கண்டிசன் பிளாக் பக்கத்துல மட்டும்தான் இருக்கு. ஃபீடுல எழுத்து மட்டும்தான் போவுது. பிளாக்குக்குள்ள போனா ஃபீடுக்கு அடியில போட தனியா ஒரு இடம் இருக்கு. அங்க எழுதினா ஒவ்வொண்ணோடயும் சேந்து போவும். சைட்டு அடுத்த தடவை எடுக்கும்போது அங்கயும் வந்துரும்."

பாஸ்வேர்டு அம்மா பேருதான். நீ சொன்னதுதான்.

முந்திரி உடைச்சுக் கருத்துப்போன விரலை வச்சு ஒத்தை ஒத்தையா தட்டினேன். உன் நாலு வரியையும் அப்படியே போட்டேன். உன் பேரைப் போட்டேன். அங்க மட்டும் எப்படியோ கை போச்சு. பிறகு, இவன் இப்ப இல்லன்னு போட்டேன். அதோட நிறுத்த மனசு வரல. நீ போடாத கண்டிசன் ஒண்ணை நானே சேத்தேன்.

மறுநாள் வேலை விட்டு வந்து அந்த சைட்டைப் பாத்தேன். காத்தைப் பத்தி நீ எழுதினதுக்குக் கீழ, மீனைப் பத்தி எழுதினதுக்குக் கீழ, எல்லாத்துக்கும் கீழ அது இருந்துச்சு. அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவ கேட்டுட்டு கடவத்தைக் கழுவப் போயிட்டா.

நான் சேத்தது இதான். நான் எழுதின இதுக்கு அடியிலயும் போடுதேன். இதை எடுக்கவங்க, படிக்கவங்க எல்லாரும் எங்க அண்ணனுக்காக ஒரு தடவை ஜெபிங்க. உங்க சாமி எதுவா இருந்தாலும் சரி.