கைமடிப்பு நூல்

சட்டையின் இடது கைமடிப்பிலிருந்து ஒரு நூலை உருவுவார். பல்லால் கடித்துத் துண்டிப்பார். இரண்டு விரல்களுக்கு நடுவே அதைத் தொங்கவிட்டு, காற்றுக்குழாயின் வாய்க்கு முன்னால் பிடித்து, தன் மூச்சையும் அடக்கிக்கொள்வார். நூல் சிலிர்த்துத் திரும்பும். "ம், பேசுது" என்பார். பை நிறைய மீட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் முறை அதற்குப் பிறகுதான்.

கட்டடங்களுக்கு ஏசியும் ஹீட்டரும் பொருத்தித் தரும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர். வேலையாட்கள் வைத்த பெயர் நூலக்கா. உரிமம் அவர் பெயரில்; அலுவலக மேசை, தொலைபேசி, வசவு மூன்றும் அவருடைய கணவர் பொறுப்பில். "முதலாளிகிட்ட குடுங்க" என்பவர்களிடம், "முதலாளி மொட்டைமாடியில ஏறி நிக்கறாங்க. நான் அவங்க வீட்டுக்காரர். திட்டறதுன்னா என்னையே திட்டலாம்" என்பார். பிசிர்ந்த கைமடிப்புகளை ஞாயிறுதோறும் தைப்பதும் அவர்தான்.

"ஒரு நூல்கண்டு வாங்கிப் பையில போட்டுக்கயேம்மா."

"நூல்கண்டுன்னா தொலைஞ்சுடும்ங்க. கை தொலையாது."

இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, "இங்க யாரு ரொம்ப நேரம் இருப்பாங்க?" என்று விசாரித்து, அவர்களுடைய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். தையல்கூடத்தில் கடைசி மெஷின் முன்னால். பல் மருத்துவரிடம், நோயாளி நாற்காலியில் வாயைத் திறந்தபடி. பக்கத்து அறையில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்பவர்போல் இருக்கும் அப்போது அவர் முகம். எத்தனை முறை பார்த்தாலும் கணவருக்கு அந்த நேரத்தில் இருமக்கூடத் தோன்றாது.

குழந்தைகள் காப்பகம் ஒன்றில் மறுநாள் திறப்பு. கடுங்குளிர். சுவர் மீட்டர் சரியான சூட்டைக் காட்டியது. அதே உரிமையாளர் எழுப்பிக்கொண்டிருந்த பெரிய அலுவலகக் கட்டடமும் அடுத்து இவர்களுக்குத்தான் என்று பேச்சு முடிந்திருந்தது. வேலை முடிந்ததென்று நூலக்கா ஒரு கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கணவர் பேனாவோடு நின்றார்.

"இங்க யாரு ரொம்ப நேரம் இருப்பாங்க?"

"கைக்குழந்தைங்கதான்" என்று ஆயா தரையில் விரித்திருந்த மெத்தையைக் காட்டினார்.

நூலக்கா படுத்துவிட்டார். ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கன்னத்தை மெத்தையில் பதித்து. எழுந்ததும் சீலிங்கை அண்ணாந்து பார்த்தார்.

"சூடெல்லாம் மேலயே நிக்குது. கீழ ஜில்லுனு இருக்கு. காத்தைத் திருப்பி இழுக்கற வாயையும் சீலிங்லயே வெச்சுட்டேன், ஆபீசுக்கு வெக்கிற மாதிரி. என் தப்பு. அதைத் தரைக்கு இறக்கணும்."

"மீட்டர் சரியாத்தானே காட்டுது மேடம்?" என்றார் உரிமையாளர்.

"மீட்டர் ஆள் உசரத்துல நின்னுட்டிருக்கு சார். பாப்பா படுத்திருக்கும்."

"எல்லாரையும் கூப்பிட்டாச்சு. இப்பக் கையெழுத்தைப் போடுங்க, அப்புறம் சாவகாசமா மாத்திக்கலாம்."

கணவர் பேனாவை நீட்டினார். நூலக்கா அதை வாங்கி அவர் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகினார். "ஏங்க, நம்ம பசங்களை சீலிங்லயா தொங்கவிட்டு வளத்தோம்?"

ஆயா சிரித்துவிட்டார். உரிமையாளர் சிரிக்கவில்லை.

திறப்பு தள்ளிப்போயிற்று. சுவரை உடைத்து, காற்றுக்குழாயைத் தரைவரை இறக்கி, நூலக்கா தன் செலவிலேயே சரிசெய்து கொடுத்தார். பெரிய கட்டடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வயிற்றெரிச்சலில் கணவர் அந்தத் தெருப்பக்கம் போவதையே விட்டார். நூலக்கா அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

சில குளிர்காலங்கள் கழிந்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவள் குழந்தையை அழைத்துவர நூலக்காவின் கணவர் அந்தக் காப்பகத்துக்குப் போகும்படி ஆயிற்று. தரைக்கு இறக்கிய காற்று வாயின் கம்பித் தடுப்பில் ஒரு நீல நூல் கட்டியிருந்தது. அதன் நுனி உள்பக்கமாகச் சாய்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நீலம் அவருக்குத் தெரியும்.

"அக்கா கட்டினதுங்க" என்றார் அதே ஆயா. "குளிர் ஆரம்பிச்சா வருவாங்க. புதுசு ஒண்ணு கட்டிட்டு, மெத்தையில கொஞ்சம் படுத்துப் பாத்துட்டுப் போவாங்க. நூல் உள்ள சாஞ்சிருந்தாத்தான் நாங்க பிள்ளைங்களைப் படுக்க வெப்போம். ஏன், உங்ககிட்ட சொன்னதில்லையா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் நூலக்காவின் நீலச் சட்டையை மடியில் போட்டு ஊசியில் நூல் கோத்தார். இடது கைமடிப்புக்கு வந்ததும் நிறுத்தினார். போன வாரம் தாமே இறுக்கிப் போட்டிருந்த தையலை ஊசிமுனையால் மெல்ல நெகிழ்த்தி, இழுத்தால் வருகிற மாதிரி ஒரு நூல்நுனியை வெளியே எடுத்துவிட்டார்.