ஆபீஸில் பூட்டிய துப்பாக்கி

வெள்ளைக்காரர் ஆட்சியில், காட்டுக் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், அலோர்காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதி எங்களை மேய்க்க ஒரு கிராணி இருந்தார். ஒல்லி உடம்பு, இடுப்பில் தொளதொளவென்று காக்கிச் சிலுவார். வீட்டுக் காவலுக்கென்று துரை துப்பாக்கி கொடுத்ததும் மனிதருக்குத் தூக்கமே போய்விட்டது. காட்டிலிருந்து வரும் ஆயுதக்காரர்கள் துப்பாக்கி உள்ள வீட்டைத்தான் தேடுவார்கள். அதனால் சேதி காட்டுக்கும் எட்டட்டும் என்று தினமும் காலைப் பெரட்டில் எங்கள் பேரைக் கூப்பிட்டு முடித்ததும் கத்துவார்: "துப்பாக்கி ஆபீஸ்ல பூட்டியிருக்கு! என் வீட்ல இல்லலா!"

ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "அவங்க வீட்டுக்கே வந்துட்டா என்னாங்கய்யா செய்வீங்க?"

"ஆபீஸ் சாவியக் குடுத்துருவேன், புள்ள. துப்பாக்கி துரையோடது. அஞ்சு புள்ளைங்கதான் என்னுது."

யாரும் வரவில்லை. ஆனால் அவ்வளவு சத்தமாகச் சொன்னவர் துப்பாக்கியை நிஜமாகவே ஆபீஸில்தான் வைத்திருந்தாரா? இன்றும் எனக்குச் சந்தேகம்தான்.